அந்த நடை யாருடையது? – உடம்பிலிருந்து பொம்மைக்கு அசைவு போன 140 வருடக் கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏழாவது படிக்கும் என் மகள், "அப்பா, மாடியில இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு தடவை நடங்க" என்றாள். நடந்தேன். போனில் படம் பிடித்துக்கொண்டு கீழே ஓடிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து காட்டினாள். மொட்டைமாடியைக் காணோம், என்னையும் காணோம். காட்டுப்பாதை ஒன்றில் தொப்பை போட்ட கரடி ஒன்று ஆடி அசைந்து நடந்து போகிறது.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "என்னங்க, இது உங்க நடைதானே?"

கரடிக்கு என் முகம் இல்லை, என் உயரம் இல்லை, என் சட்டைகூட இல்லை. ஆனால் அது இடது பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வைத்து நடந்தது. காலேஜ் மூன்றாம் வருடம் பைக்கிலிருந்து விழுந்ததில் எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. டாக்டர் சொல்லியும் போகவில்லை. அதை ஒரு மென்பொருள் பத்து விநாடி வீடியோவிலிருந்து உருவி எடுத்து ஒரு கரடிக்குக் கொடுத்துவிட்டது.

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். நமக்குத்தான் எதையும் நோண்டாமல் இருக்க முடியாதே. மனித அசைவை எடுத்துப் பொம்மைக்கு மாற்றும் வேலை எப்போது ஆரம்பித்தது என்று தேடப் போனேன், மூன்று வாரத்து இரவுகள் போய்விட்டன. தேடினதில் ஒரு விஷயம் உறைத்தது. இந்த வரலாற்றின் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எப்படி எடுத்தார்கள்? யாரிடமிருந்து எடுத்தார்கள்? முதல் கேள்விக்குப் பதில் கொட்டிக் கிடக்கிறது. இரண்டாவதைக் கேட்பவர்கள் குறைவு. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகப் போகிறது.

கறுப்பு உடையில் ஒரு சிப்பாய்

எத்தியேன் ஜூல் மாரே என்று ஒரு பிரெஞ்சு உடலியல் அறிஞர். 1882-ல் பாரிஸில் அசைவை ஆராய்வதற்கென்றே ஓர் ஆய்வு நிலையத்தை அமைத்தார். ஒரே புகைப்படத் தகட்டில் சின்னச் சின்ன இடைவெளியில் பல தடவை படமெடுப்பது அவர் முறை. ஆனால் ஒரு சிக்கல் வந்தது. வேகமாகப் பல தடவை எடுத்தால் உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிப் போகும்.

அதற்கு மாரே செய்த வேலையைப் பார்த்தால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கும். நடப்பவருக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை கறுப்பு உடை. கை கால் நெடுக வெள்ளைப் பட்டைகள், மூட்டுகளில் புள்ளிகள். பின்னணியும் கறுப்பு. கேமராவுக்கு ஆள் தெரியமாட்டார், கோடும் புள்ளியும்தான் தெரியும். 1883 வாக்கில் எடுத்த அந்தப் படங்களையும் இன்றைய மோஷன் கேப்சர் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரே குடும்பம் என்று சொல்லிவிடலாம்.

படத்தில் நடப்பவர் யார்? மாரேயிடம் நடக்கவும் ஓடவும் வந்தவர்களில் பலர் ஜுவான்வில் ராணுவ உடற்பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்த சிப்பாய்கள். படத்தின் கீழே 'நடக்கும் சிப்பாய்' என்கிற மாதிரி ஒரு குறிப்பு, அவ்வளவுதான். ஆளை மறைப்பதுதான் அந்தத் தொழில்நுட்பத்தின் அடிப்படையே. அதில் ஆளின் பெயரும் சேர்ந்து மறைந்துவிட்டது.

அண்ணன் கருவி செய்தார், தம்பி ஆடினார்

அடுத்த பெரிய தாவல் அமெரிக்காவில். 1915-ல் மேக்ஸ் ஃப்ளைஷர் என்பவர் ரோட்டோஸ்கோப் என்ற கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1917-ல் கிடைத்தது. கருவி ரொம்ப எளிது. நடிப்பவரைச் சாதாரண சினிமாக் கேமராவில் படமெடு. அந்தப் பிலிமை ஒவ்வொரு சட்டகமாகக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒளி பாய்ச்சிக் காட்டு. கண்ணாடிமேல் காகிதத்தை வைத்து உருவத்தை வரைந்துகொள். விநாடிக்கு 16 படம் என்று வைத்தாலே ஒரு நிமிடத்துக்கு 960 படம். கை ஒடிந்துவிடும்.

கோமாளி உடை போட்டுக்கொண்டு கேமரா முன்னால் குதித்தது மேக்ஸின் தம்பி டேவ் ஃப்ளைஷர். அந்தக் கோமாளிதான் பின்னால் கோகோ என்று புகழ்பெற்றான். டேவ் அந்தப் படங்களின் இயக்குநராகவும் ஆனதால் அவர் பெயர் வரலாற்றில் நின்றுவிட்டது.

1932-ல் அதே ஸ்டூடியோ 'மின்னி தி மூச்சர்' என்ற பெட்டி பூப் கார்ட்டூனை எடுத்தது. அதில் பேய் மாதிரி ஒரு வால்ரஸ் உருவம் வழுக்கிக்கொண்டே ஆடும். அந்த ஆட்டம் ஜாஸ் பாடகர் கேப் கேலோவேயுடையது. படத்தின் ஆரம்பத்தில் அவரே தன் இசைக்குழுவோடு நிஜ உருவத்தில் வந்து ஆடுகிறார், அப்புறம் அந்த ஆட்டம் கார்ட்டூனுக்குள் போகிறது. பெயரும் டைட்டிலில் உண்டு. ஏற்கெனவே பிரபலமானவரின் அசைவு என்றால் பெயர் போடுவார்கள், அது விளம்பரம். இந்த விதி கிட்டத்தட்ட இன்றுவரை மாறவில்லை.

ஒரு நாளைக்கு 10 டாலர்

டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' 1937-ல் வந்தது. அந்த இளவரசி ஆடுவதும் ஓடுவதும் பாவாடை சுழலத் திரும்புவதும் எங்கிருந்து வந்தன? மார்ஜ் பெல்ச்சர் என்ற பெண்ணிடமிருந்து. ஹாலிவுட் நடன ஆசிரியர் ஒருவரின் மகள். வேலைக்கு வந்தபோது வயது 14. சம்பளம் நாளொன்றுக்கு 10 டாலர். ஸ்னோ ஒயிட்டுக்குத் தலை பெரிசு என்பதால் அளவு சரியாக வரட்டும் என்று ஹெல்மெட் மாட்டி ஆட வைத்தும் பார்த்தார்கள், சரிப்படவில்லை. இந்த ஹெல்மெட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

டிஸ்னி ஓவியர்கள் அவரை அப்படியே அச்செடுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அச்செடுத்தால் பொம்மை விறைத்துப்போகிறது, உயிர் போய்விடுகிறது என்பது அவர்கள் கண்ட அனுபவம். படத்தைப் பார்த்து, எதை மிகைப்படுத்தணும், எதை விடணும் என்று முடிவு செய்து வரைந்தார்கள். அந்த உழைப்பு அவர்களுடையது, மறுக்க முடியாது. ஆனால் படத்தின் டைட்டிலில் மார்ஜின் பெயர் இல்லை. பின்னாளில் மார்ஜ் சாம்பியன் என்ற பெயரில் மேடையிலும் திரையிலும் அவர் தனக்கென்று புகழ் சம்பாதித்துக்கொண்டதால்தான் இந்தக் கதை நமக்குக் கிடைக்கிறது. 2020-ல், 101 வயதில் காலமானார்.

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் லேப் பக்கம் போன என் வயதுக்காரர்களுக்கு 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' தெரியாமல் இருக்காது. வாத்தியார் அந்தப் பக்கம் போனதும் திறந்துவிடுவோமே, அதேதான். 1989-ல் ஆப்பிள் 2 கணினிக்கு முதலில் வந்தது. மற்ற விளையாட்டுகளில் ஆட்கள் டப்பா மாதிரி நகர, அந்த இளவரசன் மட்டும் விளிம்பில் தடுமாறினான், தொங்கினான், மூச்சு வாங்கி ஏறினான். அதை எழுதிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பி டேவிட்டை ஓடவும் தாவவும் வைத்து வீடியோ எடுத்து, சட்டகம் சட்டகமாக வரைந்து ஏற்றியிருந்தார். மறுபடியும் அண்ணன் எழுத, தம்பி ஓடியிருக்கிறார்! நாங்கள் முள்ளில் விழுந்து சாகவைத்ததெல்லாம் அந்தத் தம்பியைத்தான்.

பத்துப் பன்னிரண்டு புள்ளி போதும்

இதற்கு நடுவே, 1973-ல், ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் குன்னர் யோஹான்சன் என்ற உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒருவரின் மூட்டுகளில் பத்துப் பன்னிரண்டு ஒளிப்புள்ளிகளை வைத்து இருட்டில் நடக்கச் சொல்வது. பார்ப்பவருக்குப் புள்ளிகள் மட்டும்தான் தெரியும். அசையாமல் நின்றால் ஏதோ சிதறிய நட்சத்திரங்கள். ஒரு அடி எடுத்து வைத்ததும், "அட, ஆள் நடக்கிறார்" என்று கண் சட்டெனப் பிடித்துவிடுகிறது.

1977-ல் கட்டிங், கோஸ்லோவ்ஸ்கி என்ற இருவர் இன்னும் ஒரு படி போனார்கள். ஒருவருக்கொருவர் பழகிய நண்பர்களை இப்படிப் புள்ளிகளாக நடக்கவிட்டு, யார் என்று அவர்களையே கேட்டார்கள். குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நன்றாகவே சரியாகச் சொன்னார்கள். முகம் இல்லை, உடை இல்லை, குரல் இல்லை. நடையை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது ஆய்வுக்கூடத்திலும் நின்றது.

என் மனைவி கரடியைப் பார்த்துச் சொன்னதும் இதே சோதனைதான். அசைவில் ஆள் இருக்கிறார் என்பது 1977-லேயே தெரிந்த சமாச்சாரம் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

சென்னையில் நடந்த சிந்துபாத்

மாரேயின் வெள்ளைப் புள்ளிகள் நூறு வருடம் கழித்து ஒளியைத் திருப்பி அனுப்பும் சின்ன உருண்டைகளாக மாறின. நடிகரின் இறுக்கமான உடையில் ஒட்டிவிடுவார்கள். சுற்றிலும் பல கேமராக்கள். ஒரே உருண்டையை இரண்டு மூன்று கேமரா பார்த்துவிட்டால் அது வெளியில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். இதுதான் மோஷன் கேப்சர்.

முழுநீளப் படம் ஒன்றை முழுக்க இந்த முறையிலேயே எடுத்தது என்று முதலில் பெயர் வாங்கிய படம் 2000-ல் வந்த 'சிந்துபாத்: பியாண்ட் தி வெயில் ஆஃப் மிஸ்ட்ஸ்'. தயாரித்தது சென்னையின் பெண்டாஃபோர் நிறுவனம். அசைவுகளைப் பதிவு செய்தது லாஸ் ஏஞ்சலிஸில், அனிமேஷன் வேலையில் பெரும்பகுதி நம் ஊரில். 'போலார் எக்ஸ்பிரஸ்' வருவதற்கு நாலு வருடம் முன்னால்! படம் ஓடவில்லை, மறந்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்தப் படத்தைப் பற்றிப் பேசினால் சிந்துபாத்துக்குக் குரல் கொடுத்த பிரெண்டன் ஃப்ரேசர் பெயர்தான் முதலில் வருகிறது. உடம்பு கொடுத்தவர்களையும், ராத்திரி பகலாக அந்தத் தரவைச் சுத்தம் செய்த சென்னைப் பையன்களையும் பெண்களையும் பற்றிப் பேச்சே இல்லை. அந்தக் காலத்தில் அங்கே வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து உங்கள் அனுபவத்தை எழுதி வையுங்கள். உலக அனிமேஷன் வரலாற்றில் ஒரு பக்கம் அது.

2002-ல் 'தி டூ டவர்ஸ்' படத்தின் கொல்லம் வழியாக ஆண்டி செர்கிஸ் இந்தக் கதையைக் கொஞ்சம் திருப்பிப்போட்டார். இது நடிப்பா, கணினி வேலையா என்று ஆஸ்கர் அளவுக்கு வாதம் போனது. நம் பக்கம் 2014-ல் 'கோச்சடையான்'. ரஜினியின் நடையைத் தமிழ்நாட்டில் யாருக்கும் அடையாளம் காட்டத் தேவையில்லை. திரையில் ஏதோ ஒன்று குறைந்தபோது அனிமேஷன் பற்றி ஒன்றும் தெரியாத ரசிகர்கள்கூட அதைப் பிடித்துவிட்டார்கள். யோஹான்சனின் புள்ளிகள் செய்யும் வேலை அது.

கரடியின் குட்டைக் கால்

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில்நுட்பம். என் கால் எலும்பின் நீளம் வேறு, கரடியின் கால் நீளம் வேறு. என் முட்டி 40 டிகிரி மடங்கினால் கரடியின் முட்டியையும் 40 டிகிரி மடக்கினால் போதாதா? போதாது. குட்டைக் காலுக்கு அதே கோணம் என்றால் எட்டு சின்னதாகிவிடும். ஆனால் உடம்பு என் வேகத்திலேயே முன்னால் போகும். விளைவு, பாதம் தரையில் வழுக்கும், பனியில் நடப்பதுபோல. மார்ஜின் தலையில் மாட்டிய ஹெல்மெட் தீர்க்கப் பார்த்தது இந்த அளவுப் பொருத்தத்தைத்தான்.

1998-ல் மைக்கேல் கிளைஷர் என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு நல்ல வழி சொன்னார். எதை மாற்றக்கூடாது என்று முதலில் எழுதிக்கொள். கால் தரையில் ஊன்றியிருக்கும்போது நகரக்கூடாது, கை பெட்டியைப் பிடித்திருந்தால் பிடித்தே இருக்கணும். இந்த நிபந்தனைகளை மீறாமல், மூல அசைவிலிருந்து எவ்வளவு குறைவாக விலக முடியுமோ அவ்வளவு குறைவாக விலகும் புது அசைவைக் கணினி தேடட்டும். ஒரு மொழிபெயர்ப்பாளர் செய்வதும் இதேதானே. எதை விட்டால் அர்த்தம் கெடும் என்று தெரிந்தவர்தான் மீதியை மாற்றலாம்.

உருண்டைகள் உதிர்ந்தன

இப்போது ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவு. 2010-ல் மைக்ரோசாஃப்ட்டின் கினெக்ட் வந்தது. உடை வேண்டாம், உருண்டை வேண்டாம், வரவேற்பறையில் நின்று ஆடினால் போதும். அந்த மென்பொருளுக்கு மனித உடம்பு எப்படியெல்லாம் வளையும் என்று கற்றுக்கொடுத்தது எது? முன்பே மோஷன் கேப்சரில் பதிவு செய்த அசைவுகள். அவற்றைப் பல வடிவ உடம்புகளில் ஏற்றி, லட்சக்கணக்கில் செயற்கைப் படங்கள் உருவாக்கி, அவற்றைக் காட்டிப் பழக்கினார்கள். உருண்டை ஒட்டிக்கொண்டு ஆடியவர்களின் உழைப்பால்தான் உருண்டை இல்லாத காலம் வந்தது.

அதன்பிறகு வேகம். 2014-ல் கூகுள் ஆய்வாளர்கள் ஆழ்கற்றல் மூலம் சாதாரணப் படத்திலேயே மூட்டுகளைக் கண்டுபிடித்தார்கள். 2015-ல் ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் நிறுவனம் 6890 புள்ளிகளால் ஆன ஒரு பொதுவான மனித உடம்பை வெளியிட்டது. எண்களை மாற்றினால் குண்டாகும், ஒல்லியாகும், குனியும், நிமிரும். 2018-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள் ஒருவர் ஆடுவதை எடுத்து, ஆடவே தெரியாத இன்னொருவர் ஆடுவதுபோல வீடியோ செய்து காட்டினார்கள். 2023 இறுதியில் அலிபாபா ஆய்வாளர்கள் ஒரே ஒரு புகைப்படத்தை வைத்து அதே வித்தையைச் செய்தார்கள்.

இதெல்லாம் எதைத் தின்று வளர்ந்தது? கார்னகி மெலன் பல்கலைக்கழகம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்ட மோஷன் கேப்சர் தொகுப்பு ஒன்று இருக்கிறது. உலகம் முழுக்க மாணவர்கள் முதல் ஸ்டூடியோக்கள் வரை பயன்படுத்தாத ஆளில்லை. அதில் நடந்தவர்கள், குதித்தவர்கள், ஆடியவர்கள் எல்லோரும் 'சப்ஜெக்ட் 1', 'சப்ஜெக்ட் 2' என்று எண்கள். 2019-ல் இதுபோன்ற 15 தொகுப்புகளை ஒன்றாக்கினார்கள், 300-க்கும் மேற்பட்ட ஆட்கள், 40 மணி நேரத்துக்கு மேல் அசைவு. 2021-ல் வந்த இன்னொரு தொகுப்பு, டிக்டாக்கில் ஆடிய 300-க்கும் மேற்பட்ட வீடியோக்களைக் கொண்டது. முன்னவர்களாவது ஆய்வுக்கூடத்துக்கு வந்து ஆடினார்கள். பின்னவர்கள் நண்பர்கள் பார்க்கட்டும் என்று ஆடியவர்கள்.

மாரேயின் சிப்பாய்க்குப் பெயர் இல்லை. 'சப்ஜெக்ட்'டுக்கு எண்ணாவது இருந்தது. இன்றைய மென்பொருளுக்குள் போனபிறகு எண்ணும் கரைந்துவிடுகிறது.

தரவா, நடிப்பா?

இது வெறும் மனக்குறையா, சோற்றுப் பிரச்சினையா? அமெரிக்காவில் இது வேலைநிறுத்தம்வரை போனது. 2024 ஜூலையில் வீடியோ கேம் நடிகர்கள் சேக்-ஆஃப்ட்ரா சங்கத்தின் கீழ் வேலையை நிறுத்தினார்கள். பத்து மாதத்துக்கும் மேல் நீடித்து 2025-ல் முடிந்தது. ஏஐ பாதுகாப்பு என்றால் குரல் மட்டும்தானா, சண்டையும் தாவலும் செய்யும் உடம்புகளுக்கும் உண்டா என்பது அதில் முக்கியமான சண்டை. உடம்பால் நடிப்பவர்களின் அசைவை நடிப்பாகப் பார்க்காமல் வெறும் தரவாகப் பார்க்கிறார்கள் என்பது சங்கத்தின் புகார்.

நீதிமன்றங்களும் தட்டுத் தடுமாறுகின்றன. நடிகர் அல்ஃபோன்சோ ரிபேரோ தன் புகழ்பெற்ற ஆட்டத்தை 'ஃபோர்ட்நைட்' விளையாட்டு எடுத்துக்கொண்டது என்று வழக்குப் போட்டார். அந்த ஆட்டம் வெறும் சில அடவுகள், நடன அமைப்பு ஆகாது என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் பதிவு செய்ய மறுத்தது. அதே விளையாட்டின்மேல் நடன அமைப்பாளர் கைல் ஹனகாமி போட்ட வழக்கில், 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு பக்கம் சாய்ந்தது. நடனத்தைத் தனித்தனி நிலைகளாகப் பிய்த்துப் பார்க்கக்கூடாது, முழுசாகப் பார்க்கணும் என்று சொல்லிக் கீழ்நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது.

நம் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தைப் புரட்டியபோது ஒரு இன்ப அதிர்ச்சி. 'நிகழ்த்துபவர்' யார் என்று சட்டம் போடும் பட்டியலில் நடிகர், பாடகர், நடனக் கலைஞரோடு கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும் உண்டு. 2012 திருத்தத்தில் அவர்களுக்குத் தன் நிகழ்ச்சியோடு தன் பெயரைச் சேர்க்கச் சொல்லும் உரிமையும் வந்தது. தெருவில் கயிற்றின்மேல் நடப்பவரின் நடையும் ஒரு கலை, அதற்கு ஒரு பெயர் உண்டு என்று சட்டம் ஒத்துக்கொள்கிறது. ஆனால் அந்த நடை பத்தாயிரம் பேருடைய நடையோடு கலந்து ஒரு மென்பொருளுக்குள் போய்விட்டால், எங்கே போய்ப் பெயர் கேட்பது? சட்டம் எழுதும்போது இந்தக் கேள்வியே இல்லை.

நான் மென்பொருள்காரன். இந்தக் கருவிகள் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஸ்டூடியோ வாங்க வசதியில்லாத ஒரு பிள்ளை வீட்டு மாடியிலேயே படம் எடுக்க முடிகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. அசைவைத் தரவு என்று சொல்வதும் என் தொழிலில் தப்பில்லை, கணினிக்குள் போனால் எல்லாமே எண்தான். ஆனால் பெயரைச் சேர்த்து வைக்க ஒரு வரி போதும். தொகுப்பில் சேர்க்கும் முன்னால் கேட்க ஒரு கேள்வி போதும். 140 வருடமாக அதைத்தான் தவிர்த்து வந்திருக்கிறோம்.

இதையெல்லாம் இரவுச் சாப்பாட்டின்போது மகளிடம் சொன்னேன். பாதி கேட்டாள், பாதி கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன். மறுநாள் கரடிப் படத்தை வகுப்புத் தோழிகளுக்கு அனுப்பும் முன் என்னிடம் காட்டினாள். கடைசியில் கறுப்புத் திரையில் இரண்டு வரி சேர்த்திருந்தாள்.

படம்: அவள் பெயர்.
நடை: அப்பா.